நிற்க மறுக்கும் வண்டியும் ஓய மறுக்கும் கீச்சொலியும்

துவிச்சக்கர வண்டி ஒன்றை வாங்கச் செல்வோர் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று விசாரிப்பதுண்டு; எத்தனை கியர்கள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பதுண்டு; வர்ணம் கண்ணுக்கு உகந்ததாக இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்து நோக்குவதுமுண்டு. அது எவ்வாறு நிற்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரிந்திருக்கும் என்பது நம்மனைவரதும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒரு நாள் அதிகாலையில், சிலாபத்தில் நாம் வசிக்கும் ஒழுங்கையின் முடிவில், ஒரு கிடுகு வேலியிற் போய் மோதியதை நாம் நமது கண்களாலேயே கண்டோம்.

வேலிக்குள் தலையைக் கொடுத்துக் கிடந்தவன் அடுத்த வீட்டுச் சிறுவன். உயர்தர வகுப்பு மாணவன். காலை ஆறு மணி வகுப்புக்குப் புறப்பட்டவன். ஒழுங்கை முடிந்து பெருவீதி ஆரம்பமாகும் இடத்தில், மீன் பெட்டிகளை ஏற்றிய லொறி ஒன்று கடந்து செல்வதைக் கண்டு இரு கைகளாலும் பிறேக்கை அழுத்தியிருக்கிறான். வண்டி நிற்கவில்லை. லொறியா, வேலியா என்று தீர்மானிக்க அவனுக்கு ஒரு விநாடிதான் கிடைத்தது. நல்ல வேளையாக வேலியைத் தேர்ந்து கொண்டான். முழங்கையில் இரத்தம், காற்சட்டையில் கிழிசல், வேறு சேதமில்லை. ஓடி வந்த தாயார் மகனைத் தூக்குவதா, திட்டுவதா என்று அறியாது அழுது கொண்டு நின்றார். தந்தையார் அவ்வேளை கடலில் இருந்தார்.

இச்சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணம். அச்சிறுவனின் வண்டியைப் போன்ற தட்டுப் பிறேக் பூட்டிய மலைச் சைக்கிள்கள் இப்பொழுது நமது ஊர் வீடுகள் பலவற்றில் உள்ளன. அவற்றின் பிறேக் ஏன் தளர்கிறது, ஏன் உரசுகிறது, வீட்டில் உள்ளோர் அதற்குச் செய்யக் கூடியது யாது என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள்

சிலாபத்தில் மலை கிடையாது. ஒரு புறம் கடல். ஒரு புறம் களப்பு. வடக்கே தெதுறு ஓயா. எஞ்சிய இடமெல்லாம் தென்னந்தோப்பு. இங்கே மலையேறும் வண்டிக்கு என்ன வேலை என்று முதியோர் கேட்பது நியாயமே. எனினும் தடித்த ரயர் மணலிற் புதையாது. குன்றும் குழியுமான ஒழுங்கையில் முதுகை நோகச் செய்யாது. இதனால் இளைஞர் அதனை விரும்பினர். அத்துடன் 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசையில் நிற்க வேண்டிய நிலை வந்தபோது, மோட்டார் சைக்கிளை நிறுத்தி விட்டு மிதிவண்டியைத் தேடியவர் பலர். நமது அயல் வீட்டுச் சிறுவனின் வண்டியும் அக்காலத்தில் இன்னொருவரிடமிருந்து பழையதாக வாங்கப்பட்டதே.

நமது பாட்டனார் காலத்து வண்டிகளில் கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கோல்கள் இழுபட்டு, இரப்பர்க் கட்டைகள் சில்லின் வளையத்தைப் பற்றும். குற்றம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கட்டை தேய்ந்தால் இரண்டு நாணயங்களை எடுத்துக் கொண்டு கடைக்குப் போனாற் போதும். தட்டுப் பிறேக்கின் சங்கதி வேறு. சில்லின் நடுவே மெல்லிய உருக்குத் தட்டு ஒன்று சுழலும். அதன் விளிம்பைக் கவ்வி ஒன்று சூழ்ந்திருக்கும். கவ்விக்குள் தட்டின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறு பிறேக் கட்டைகள் இருக்கும். கட்டைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள வெளி ஒரு தடித்த கடதாசியின் கனத்தை விட அதிகமில்லை. வேலை முழுவதும் அந்தச் சிறிய இடுக்கில் நடைபெறுகிறது. குற்றமும் அங்கேதான் ஒளிந்து கொள்கிறது.

இத்தகைய பிறேக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உருக்குக் கம்பி இழுத்துக் கவ்வியை இயக்கும். மற்றதில் குழாய்க்குள் நிரம்பிய எண்ணெய் அவ்வேலையைச் செய்யும். கைப்பிடியிலிருந்து செல்வது முறுக்கிய கம்பியா, மூடிய குழாயா என்று பார்த்து வைத்துக் கொள்ளல் முதல் வேலை. மருந்து இரண்டுக்கும் ஒன்றன்று.

தேங்காய் எண்ணெய் செய்த வேலை

சரி, அச்சிறுவனின் பிறேக் ஏன் பிடிக்கவில்லை? வண்டியை நிமிர்த்தித் தட்டைக் கவனித்தோம். அது பளபளவென்று மின்னிற்று. மூக்கை அருகே கொண்டு சென்றதும் சமையலறை வாசம் வீசிற்று. தேங்காய் எண்ணெய்!

விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. சில நாள்களாக வண்டி நிற்கும் போதெல்லாம் கீச்சென்று அலறிற்றாம். வகுப்பிற் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். வீட்டில் கதவுப் பிணைச்சல் அழுதாலும், கிணற்றுக் கப்பி முனகினாலும், பூட்டுத் திறக்க மறுத்தாலும் அப்பாச்சி கொண்டு வருவது தேங்காய் எண்ணெய்ப் போத்தலையே. அதே வைத்தியத்தை அவன் பிறேக்குக்கும் செய்து விட்டான். கீச்சொலி உடனே நின்றது. அத்துடன் பிறேக்கும் நின்றது. தென்னை முக்கோணத்தில் வாழும் நமக்கு எண்ணெய்யின் மீது பக்தி இருப்பதில் வியப்பில்லை. ஆயினும் எண்ணெய் வழுக்கச் செய்வது; பிறேக் பற்றிப் பிடிக்க வேண்டியது. பற்ற வேண்டிய இடத்தில் வழுக்கச் செய்வதை ஊற்றினால் வேறென்ன நிகழும்?

வண்டியை உருட்டிக் கொண்டு சைக்கிள் திருத்தும் முதியவரிடம் போனோம். ஊரில் அவரைத் தமிழரும் சிங்களவரும் ‘பாஸ்’ என்றே அழைப்பர். தட்டை விரலாலே தடவிப் பார்த்த அவர் சிரித்தார். “தம்பி, சத்தம் போடுற பிறேக் உங்களோட கதைக்குது. என்ன வருத்தம் எண்டு கேட்க வேணும். வாயைப் பொத்தக் கூடாது,” என்றார். அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்த ஞானம் நம்மைச் சிந்திக்க வைத்தது.

கீச்சொலி புதியதன்று

இந்த அலறல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிரெடெரிக் லான்செஸ்டர் என்னும் பொறியியலாளர் 1902ஆம் ஆண்டில் மோட்டார் வாகனத்துக்கான தட்டுப் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பற்றுக் கட்டைகளாகப் பயன்படுத்தியது செப்பு. உலோகத்தோடு உலோகம் உரசியமையால் எழுந்த அலறல் கேட்போரைத் துன்புறுத்தியதாம். பின்னர் 1953இல் பிரான்சில் நடந்த ல மான் 24 மணி நேர ஓட்டப் போட்டியில், டன்லப் தட்டுப் பிறேக்குகள் பூட்டிய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றதும் உலகம் இக்கருவியைத் திரும்பிப் பார்த்தது. 1888இல் காற்றடைத்த ரயரை மிதிவண்டிக்குப் பூட்டி உலாவிட்ட டன்லப்பின் பெயரே இங்கும் வருவது ஒரு சுவையான பொருத்தம்.

மலைச் சைக்கிளின் பிறப்பிலும் பிறேக்குக்கு ஒரு பங்குண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மரின் பிரதேசத்தில், 1976ஆம் ஆண்டில், சில இளைஞர்கள் பழைய தடித்த ரயர் வண்டிகளை மலை உச்சிக்குக் கொண்டு சென்று, செங்குத்தான மண்பாதை வழியே பந்தயம் வைத்து இறங்கினர். 3 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஏறத்தாழ 400 மீற்றர் இறக்கம்! அவ்வண்டிகளில் இருந்தது மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் இயங்கும் பிறேக். கீழே வந்து சேருவதற்குள் சில்லின் குடத்திலிருந்த கிறீஸ் முழுவதும் வெந்து புகையாகிப் போகுமாம். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னரும் அதைக் கழற்றிப் புதிய கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ‘மீள அடைத்தல்’ என்னும் பொருள் தரும் ‘ரீபெக்’ என்ற சொல்லே அப்பாதைக்குப் பெயராகியது. நிறுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இதனை விடச் சான்று வேண்டுமோ?

பிறேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் யந்திரம். வேகம் இரு மடங்கானால் மாற்ற வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஐந்தரை மீற்றர் தூரத்தைக் கடந்து விடும். பெருவீதி ஓரத்தில் அந்த ஐந்தரை மீற்றர் என்பது ஓர் உயிரின் விலையாக இருக்கலாம்.

பிடி தளர்ந்தால்

பிறேக் பிடிக்கவில்லை என்று கண்டதும் முதலிற் சந்தேகிக்க வேண்டியது எண்ணெய்ப் பசையை. செயினுக்கு எண்ணெய் தெளிக்கும் போது சிதறிய துளி, விரலிலிருந்த அழுக்கு, மீன் பெட்டியிலிருந்து வடிந்த நெய், கறள் நீக்கும் திரவம் ஆகிய எதுவாயினும் போதும். தட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த சுத்தமான துணியால் இரு பக்கமும் துடைக்க வேண்டும். அது கிடையாவிடின் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கொண்டு நன்கு கழுவி, நல்ல நீரில் அலம்பி உலர விடலாம். காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதுண்டு. அதனாற் துடைத்தால் வியாதியை வியாதியாலே தீர்க்க முயன்றது போலாகும்.

தட்டு உருக்கு, அதைத் துடைத்து விடலாம். கட்டைகளோ நுண்ணிய துளைகள் உள்ளவை. எண்ணெய்யைக் குடித்து விடும். மேற்பரப்பில் மாத்திரம் பசை பட்டிருந்தால், சமமான தளத்தில் எமரித்தாளை விரித்து, கட்டையை மெதுவாகத் தேய்த்துப் புதிய முகம் தோன்றச் செய்யலாம். தூளை வாயால் ஊதுதல் ஆகாது. ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளே ஊறியிருந்தால் புதிய கட்டை மாற்றுவதே வழி. அச்சிறுவனின் கட்டைகள் போத்தலில் ஊறிய திரி போல் இருந்தன. பாஸ் அவற்றைக் குப்பைக் கூடைக்கு அனுப்பினார்.

இரண்டாவது காரணம் தேய்மானம். புதிய கட்டையில் உரசும் பகுதியின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அது அரை மில்லிமீற்றருக்கு வந்து விட்டால் அதனை மேலும் நம்புதல் கூடாது. அதற்கப்பால் தேய்ந்தால் பின்னாலுள்ள உலோகத் தகடு தட்டைச் சுரண்டத் தொடங்கும். அப்போது எழும் ஒலி கீச்சொலியன்று. கறகறவென்ற அரவை ஒலி. அதனைக் கேட்ட பின்னும் வண்டியை ஓட்டுவோர் கட்டையின் விலையோடு தட்டின் விலையையும் சேர்த்துச் செலுத்துவர். தட்டும் தேய்வதே. புதிதில் 1.8 மில்லிமீற்றர் கனமுள்ள ஷிமானோ தட்டு 1.5 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றப்பட வேண்டியதாகும்.

மூன்றாவது, கம்பியின் தளர்ச்சி. கம்பியால் இயங்கும் கவ்விகள் பலவற்றில் ஒரு கட்டை மாத்திரமே நகரும். மற்றது அசையாது நிற்கும். நகரும் கட்டை தட்டைச் சிறிது வளைத்து, நிற்கும் கட்டையோடு சேர்த்து நெருக்கும். கட்டைகள் தேயத் தேய இடைவெளி கூடும். பலர் அப்போது கம்பியை மாத்திரம் இறுக்கிக் கொண்டே போவர். அது தவறு. கவ்வியிலுள்ள நெம்புகோல் பாதி வழி போன பின்னரே வேலை ஆரம்பிக்கும் நிலை உண்டாகி, பிடியின் வலு குன்றி விடும். முதலில் நிற்கும் கட்டையை அதற்குரிய திருகாணியால் தட்டுக்கு அண்மையிற் கொண்டு வர வேண்டும். கைப்பிடியருகேயுள்ள சிறு உருளைத் திருகு நுண்ணிய திருத்தத்துக்கு மாத்திரம் உரியது.

குழாயும் எண்ணெய்யும் உள்ள வகையில், கைப்பிடி பஞ்சை அழுத்துவது போல் மெத்தென்று ஹாண்டில் வரை வந்து விட்டால், குழாய்க்குள் காற்றுப் புகுந்து விட்டது என்று கருத வேண்டும். எண்ணெய் நெருக்குண்ணாது; காற்று நெருக்குண்ணும். நாம் கையாற் கொடுக்கும் பலத்தைக் காற்றே தின்று விடுகிறது. இரண்டு மூன்று முறை விரைந்து அழுத்திய பின் பிடி இறுகினால் சந்தேகம் உறுதியாகும். காற்றை வெளியேற்றுதல் பழகிய கைகளுக்குரிய வேலை. வண்டிக்கு உரியவர் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு: சில பிறேக்குகளுக்கு மினரல் எண்ணெய், சிலவற்றுக்கு டொட் என்னும் திரவம். ஒன்றுக்குரியதை மற்றதில் ஊற்றினால் உள்ளேயுள்ள இரப்பர் வளையங்கள் கெட்டுப் பிறேக் முழுவதும் பாழாகும். எது உரியதென்று கைப்பிடியருகேயுள்ள சிறு தொட்டியின் மூடியில் பெரும்பாலும் பொறித்திருக்கும். திருத்துபவரிடம் அதனைச் சுட்டிக் காட்டுவதிற் கௌரவக் குறைவில்லை.

நான்காவது காரணம் பலருக்கும் தெரியாதது. புதிய கட்டை பூட்டிய அன்றே பிறேக் முழு வலுவுடன் பிடிக்காது. தட்டும் கட்டையும் ஒன்றோடொன்று பழக வேண்டும். வாகனமில்லாத வெளியில், மணிக்கு 20 கிலோமீற்றர் அளவான வேகத்தில் ஓட்டி, நடைவேகம் வரும் வரை சீராகப் பிறேக்கை அழுத்தி விட வேண்டும். சில்லு பூட்டிக் கொள்ளும்படி அழுத்துதல் ஆகாது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே இருபது முறை இவ்வாறு செய்தால், கட்டையின் மெல்லிய படலம் ஒன்று தட்டிற் சீராகப் படியும். அதன் பின்னரே உண்மையான பிடி வரும். புதுக் கட்டை பூட்டிய கையோடு பிள்ளையைப் பெருவீதிக்கு அனுப்புவது விவேகமன்று.

உரசல் கேட்டால்

இனி மற்றக் குறைபாட்டுக்கு வருவோம். பிறேக் பிடிக்காமலே ‘சிர், சிர்’ என்று உரசுதல். இது பிடி தளர்தலைப் போல் உடனே ஆபத்தை விளைவிப்பதன்று. ஆயினும் காலின் உழைப்பை வீணாக்கும், கட்டையைத் தின்னும், முக்கியமாக, ஏதோ ஒன்று இடம் பெயர்ந்து விட்டது என்று அறிவிக்கும்.

வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சில்லைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். உரசல் இடைவிடாது கேட்டால் குற்றம் கவ்வியின் இருப்பில் அல்லது கட்டையின் நகர்வில். ஒரு சுற்றுக்கு ஒரு முறை மாத்திரம் கேட்டால் தட்டு எங்கோ வளைந்திருக்கிறது. இந்தச் சிறு சோதனை பாதி வைத்தியத்துக்குச் சமம்.

எதனையும் கழற்றுமுன் சில்லு தன் இடத்தில் நேராக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரயருக்குக் காற்றடைத்த பின் சில்லைக் கோணலாகப் பூட்டியதே பல உரசல்களுக்குக் காரணம். வண்டியை நிலத்தில் நிமிர்த்தி நிறுத்தி, அச்சைத் தளர்த்தி, வண்டியின் பாரம் அச்சில் இறங்க விட்டு மீண்டும் இறுக்கினாற் போதும். அடுத்து, வளையத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் குடத்திலுள்ள குண்டுகள் தளர்ந்துள்ளன. தட்டைக் குடத்தோடு பிணைக்கும் ஆணிகளும் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாயின், கவ்வியை நடுநிலைப்படுத்த வேண்டும். கவ்வியின் பின்னே ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்தால், தட்டின் இரு புறமும் உள்ள ஒளிக்கீற்றுகள் தெளிவாகத் தெரியும். எப்பக்கம் இருளாக உள்ளதோ அப்பக்கம் உரசுகிறது. கவ்வியை வண்டியோடு பிணைக்கும் இரு ஆணிகளையும் அலன் சாவியால் சிறிது தளர்த்தி, கைப்பிடியை அழுத்திப் பிடித்தவாறே இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கட்டைகள் தட்டைப் பற்றி நிற்பதால் கவ்வி தானே நடுவுக்கு வந்து விடும். கைப்பிடியை அழுத்த ஒருவர், ஆணியை இறுக்க ஒருவர் என்று இருவர் சேர்ந்து செய்தால் இலகு. கம்பி வகையானால், நிற்கும் கட்டையைத் தட்டைத் தொடும்வரை திருகி வைத்து இவ்வேலையைச் செய்து, பின் அதனைச் சிறிது பின்வாங்கச் செய்ய வேண்டும்.

தட்டு வளைந்திருந்தால் எவ்விடத்தில் என்று கண்டறிதல் அவசியம். பாஸ் அதற்குக் கைக்கொண்ட உபாயம் நம்மை மகிழ்வித்தது. தென்னோலை ஈர்க்கு ஒன்றை ஒடித்து, வண்டியின் கவையில் இரப்பர் வளையத்தாற் கட்டி, அதன் நுனி தட்டை மயிரிழையளவிற் தொடாது நிற்கும்படி வைத்தார். சில்லை மெதுவாகச் சுழற்றியதும், வளைந்த இடம் ஈர்க்கைத் தட்டிற்று. அவ்விடத்தைக் கண்டு வைத்து, சுத்தமான துணியாற் பற்றி, எதிர்ப்புறமாகச் சிறிதளவு வளைத்தார். மீண்டும் சுழற்றினார், மீண்டும் வளைத்தார். “ஒரேயடியா நிமிர்த்தப் போனா மற்றப் பக்கம் போயிடும்,” என்றார். பொறுமையுள்ளோர் வீட்டிலும் இதனைச் செய்யலாம். ஆனால் இரு எச்சரிக்கைகள்: சுழலும் தட்டின் துளைகளுக்குள் விரலை ஒருபோதும் விடுதல் ஆகாது, ஓடி வந்த வண்டியின் தட்டு அடுப்புத் தட்டைப் போற் சுடும், ஆற விட்ட பின்னரே தொட வேண்டும்.

எண்ணெய் வகைப் பிறேக்குகளில் கட்டையை உந்தும் சிறு உருளைகள் அழுக்கேறி, முன்னே சென்றவை பின்னே வர மறுப்பதும் உண்டு. அப்போது ஒரு பக்கக் கட்டை மாத்திரம் தட்டோடு ஒட்டிக் கொண்டிருக்கும். அவ்வுருளைகளைச் சுத்தம் செய்து உள்ளே தள்ளுதல் அனுபவமுள்ளவர் கையாற் செய்யத் தக்கது. சில்லைக் கழற்றி வைத்திருக்கும் போது பிறேக் பிடியை யாரும் அழுத்தாமற் பார்த்துக் கொள்வது வீட்டார் கடமை. இடையிற் தட்டு இல்லாத வேளையில் அழுத்தினால் இரு கட்டைகளும் ஒன்றோடொன்று நெருங்கி நின்று விடும். சில்லை மீண்டும் பூட்ட முடியாது. சிறு பிள்ளைகளுள்ள வீட்டில் இது அடிக்கடி நிகழும் வேடிக்கை.

உப்புக் காற்றும் மணலும்

கடலோரத்தில் வசிப்போருக்கு இன்னொரு சத்துருவும் உண்டு. காற்றிலேறி வரும் உப்பு, சன்னற் கம்பியை அரிப்பது போலப் பிறேக் கம்பியையும் அரிக்கும். கம்பி ஓடும் உறைக்குள் கறள் பிடித்தால் கைப்பிடி கனக்கும். விட்ட பின் கம்பி திரும்பி வராது. கையை எடுத்த பின்னும் பிறேக் பிடித்துக் கொண்டே நிற்பது இதனாலேயே. கறளேறிய கம்பிக்கு எண்ணெய் விட்டு நாளைக் கடத்துவதிலும், கறளேறா உருக்குக் கம்பியையும் புதிய உறையையும் மாற்றி விடுதல் நன்று. இழை பிரிந்த கம்பியை ஒரு நாளும் வைத்திருத்தல் ஆகாது. அது அறுந்து போவது மிக அவசியமான தருணத்திலேயே.

கடற்கரை மணலில் ஓடி வந்த வண்டியை அன்றே நல்ல நீரால் மெதுவாகக் கழுவித் துடைத்து நிழலில் உலர விட வேண்டும். சேவிஸ் நிலையத்துப் பீச்சு நீரைக் கவ்விக்குள்ளும் குடத்துக்குள்ளும் பாய்ச்சுதல் நல்லதன்று. மழைக் காலத்திற் தட்டு நனைந்திருந்தால் முதற் கணத்தில் பிடி குறைவாக இருக்கும். ஆதலால் சந்தியை அணுகு முன்னரே ஒரு முறை மெல்ல அழுத்தி நீரை வழித்து விடுதல் நல்ல பழக்கம். ஈரத்தாலும் மெல்லிய கறளாலும் எழும் காலை நேரக் கீச்சொலி, நாலைந்து முறை பிறேக் பிடித்ததும் தானாகவே அடங்கி விடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அடங்காத ஒலியே ஆராயத் தக்கது.

செயினுக்கு எண்ணெய் இடும் போது தெளிகருவியை உபயோகியாமல், துளித் துளியாக இட்டு, மிகுதியைத் துணியால் துடைத்து விடுங்கள். மண்ணெண்ணெய் அடுப்பருகிலும் மீன் கூடை அருகிலும் வண்டியைச் சாய்த்து வைக்க வேண்டாம். நுளம்பு மருந்து தெளிக்கும் போது தட்டின் மேல் ஒரு பழந்துணியைப் போட்டு விடுங்கள்.

புறப்படு முன் ஒரு நிமிடம்

இவையனைத்தையும் நினைவில் வைத்திருத்தல் இயலாது எனக் கருதுவோர் ஒன்றை மாத்திரம் செய்யலாம். வண்டியில் ஏறு முன், முன் பிறேக்கை அழுத்திக் கொண்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். பின் சில்லு மேலெழ முயல வேண்டும். பின் பிறேக்கை அழுத்திக் கொண்டு தள்ளுங்கள். பின் சில்லு உருளாது நிலத்தில் இழுபட வேண்டும். கைப்பிடி ஹாண்டிலைத் தொடுமளவுக்கு வரக் கூடாது. எந்தப் பிடி எந்தச் சில்லுக்குரியது என்பதைப் பழைய வண்டி வாங்கிய அன்றே பார்த்து வையுங்கள். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் போதும். இதில் ஒன்று தவறினாலும் அன்று நடந்து செல்வதே உத்தமம்.

நமது அயல் வீட்டார் கதையின் முடிவைச் சொல்ல வேண்டும். மாலையில் தந்தையார் கரைக்கு வந்தார். நடந்ததைக் கேட்டு அவர் மகனை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அவனைப் படகினருகே அழைத்துச் சென்று, நங்கூரக் கயிற்றை முழம் முழமாகக் கையில் உருவிக் காட்டினார். “கடலுக்குப் போகேக்க ஒவ்வொரு நாளும் இதைத் தடவிப் பார்த்துட்டுத்தான் போறன், மகன். ஓடுறதுக்கு மெசின் இருக்கு. நிக்கிறதுக்கு இது ஒண்டுதான்,” என்றார்.

இப்பொழுது அதிகாலைகளில் நமது ஒழுங்கையில் ஒரு சிறு சத்தம் கேட்கிறது. வண்டியை முன்னே ஒரு தள்ளு, பின் சில்லு மண்ணில் விழும் ஒரு தட்டு, பிறகு மணியொலி. படலையைப் பிடித்துக் கொண்டு நிற்கும் தாயார் அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்ட பின்னரே உள்ளே திரும்புகிறார். அப்பாச்சியின் எண்ணெய்ப் போத்தலோ தனக்குரிய சமையலறைத் தட்டுக்குத் திரும்பி விட்டது. கதவுப் பிணைச்சலுக்கும் கிணற்றுக் கப்பிக்கும் அதன் சேவை இன்னும் தேவையே. பிறேக்குக்கு மாத்திரம் வேண்டாம் என்று அப்பாச்சியே இப்போது அயலாருக்குப் போதிக்கிறார்.